நுரைக்குள் விழுந்தது யார்?

சித்தி ஊரைவிட்டுப் போகப்போகிறாள் என்ற செய்தி வாயாடிக்குக் கடைசியாகத்தான் தெரிந்தது. அவளிடம் முதலில் சொன்னால் மதியத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும் என்று பெரியவர்களுக்குப் பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. செய்தி அவள் காதில் விழுந்த பத்தாவது நிமிடம் எதிர்க்கடைத் தையல்காரர் வந்து, "போறாங்களாமே?" என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்.

வாயாடிக்குப் பத்து வயது. அவளுடைய அப்பா சலவைக் கடை நடத்துகிறார். கீழே கடை, மேலே வீடு. கடையில் இருக்கும் நான்கு பெரிய மெஷின்கள் காலையில் உருள ஆரம்பித்தால் சாயங்காலம்தான் ஓயும். வாயாடி அதற்குப் பிறகும் ஓய மாட்டாள்.

அம்மா வண்டி ஓட்டிக்கொண்டு போய் வீடு வீடாக அழுக்குத் துணி எடுத்து வருவாள். அப்பா மெஷின்களைப் பார்த்துக்கொள்வார். அம்மாவின் தங்கையான சித்தி, வாசலை ஒட்டிய மேசையில் உட்கார்ந்து துணிகளுக்கு அடையாளச் சீட்டுக் குத்துவாள். சித்தப்பாவுக்கு ஒரு தூர தேசத்தில் வேலை கிடைத்திருந்தது. அவர் முன்கூட்டியே போய் வீடும் பார்த்துவிட்டார். இன்னும் நான்கு வாரத்தில் சித்தி கிளம்ப வேண்டும்.

சித்தி போவதைக்கூட எப்படியோ தாங்கிக்கொள்ளலாம். கூடவே உருண்டையும் அல்லவா போகிறான்!

உருண்டை, சித்தியின் மகன். மூன்று வயது முடிய இரண்டு மாதம் பாக்கி. கன்னம், வயிறு, முழங்கால் என்று அவனிடம் எல்லாமே உருண்டைதான். துணிக்கூடைக்குள் தூங்கி, தள்ளுவண்டியில் கடையைச் சுற்றி வந்து வளர்ந்தவன். வாயாடி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், "அக்கா!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்து அவள் முட்டியில் மோதுவான். அவள் பேசுவதை எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கேட்கும் ஒரே ஆள் இந்த உலகத்தில் அவன்தான்.

"போன் இருக்கே. தினமும் பேசிக்கலாம்டி" என்றாள் அம்மா.

"போன்ல அவனைத் தூக்க முடியுமா?"

அம்மா வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

இது போதாதென்று, அந்த வாரம் பள்ளியில் இன்னொரு இடி விழுந்தது.

அறிவியல் டீச்சர் கரும்பலகையில் மூளையின் படத்தை மாட்டினார். "உங்க எல்லாருக்கும் ஒரு கேள்வி. உங்க வாழ்க்கையில நடந்ததுல, உங்களுக்கு ஞாபகம் இருக்கிற முதல் சம்பவம் எது?"

ஊஞ்சலிலிருந்து விழுந்தது என்றான் ஒருவன். நாய்க்குட்டி வீட்டுக்கு வந்த நாள் என்றாள் ஒருத்தி.

"நான் பொறந்ததே எனக்கு ஞாபகம் இருக்கு டீச்சர்" என்றான் கடைசி பெஞ்சுக்காரன்.

"அப்படியா? அன்னிக்கு உன் அம்மா என்ன சொன்னாங்க?"

"'ஐயோ'ன்னாங்க டீச்சர்."

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டுச் சொன்னார்: "ஒண்ணு கவனிச்சீங்களா? எல்லாரும் நாலு வயசு, அஞ்சு வயசுல நடந்ததைத்தான் சொல்றீங்க. ரெண்டு வயசுல நடந்ததை யாருமே சொல்லல." படத்தின் நடுவே குச்சியை வைத்தார். "மூளைக்குள்ள, ரெண்டு பக்கமும், கடல்குதிரை மாதிரி வளைஞ்ச ஒரு சின்ன பாகம் இருக்கு. பேரு ஹிப்போகேம்பஸ். ஒரு சம்பவம் நடக்கும்போது நாம பார்த்தது ஒரு இடத்துக்குப் போகும், கேட்டது ஒரு இடத்துக்குப் போகும், வாசனை இன்னொரு இடத்துக்குப் போகும். இதெல்லாம் ஒரே சம்பவம்தான்னு சேர்த்துக் கட்டி வைக்கிறது இந்தக் கடல்குதிரை. சின்னக் குழந்தைங்களுக்கு அது இன்னும் வளர்ந்துக்கிட்டே இருக்கும். கட்டினதும் சீக்கிரம் அவுந்துடும். அதனாலதான் மூணு, மூணரை வயசுக்கு முன்னாடி நடந்தது பெரும்பாலும் யாருக்கும் மனசுல நிக்கிறதில்ல."

வாயாடியின் கை தானாக மேலே போனது. "ரெண்டு வயசு பத்து மாசம்னா, டீச்சர்?"

"கஷ்டம்தான்மா."

"ரொம்பக் கெட்டிக்காரப் பையனா இருந்தாலுமா?"

"எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும்."

அன்று மதியம் முழுவதும் வாயாடி ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்துப் பெஞ்சுக்காரி அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

சாயங்காலம் கடைக்குள் நுழைந்ததும், அடக்கி வைத்ததை எல்லாம் இஸ்திரி மாமாவிடம் கொட்டித் தீர்த்தாள். கடை திறந்த நாளிலிருந்து அங்கே இஸ்திரி போடுகிறவர் அவர். ஆவி பறக்கும் மேசைக்குப் பின்னால் அவருடைய வழுக்கைத் தலை எப்போதும் பளபளவென்று இருக்கும்.

"அவன் என்னைச் சுத்தமா மறந்துடுவான் மாமா! தள்ளுவண்டி, கண்ணாமூச்சி, நான் சொன்ன கதை, ஒண்ணுமே நிக்காது!"

"ஏன், நீ மறக்கலியா?"

"நான் யாரை மறந்தேன்?"

மாமா குனிந்து இடது காதைக் காட்டினார். மடலில் ஒரு சின்னத் தழும்பு இருந்தது. "இது யாரு வேலை தெரியுமா? உன் வேலை. உனக்கு அப்போ ரெண்டு வயசு. நாள் முழுக்க என் தோள்லதான் உக்காந்திருப்பே. நான் இஸ்திரி போடுவேன், நீ என் காதைப் பிடிச்சுக்கிட்டு ஏதாவது கதை விட்டுக்கிட்டே இருப்பே. ஒரு நாள் என்ன தோணிச்சோ, நறுக்குன்னு கடிச்சிட்டே."

வாயாடி தலைக்குள் தேடிப் பார்த்தாள். தோளும் இல்லை, காதும் இல்லை. எதுவுமே இல்லை.

"எனக்குக் கொஞ்சம்கூட ஞாபகம் இல்லையே மாமா!"

"எப்படி இருக்கும்? கடிச்சது நீ. வலிச்சது எனக்கு."

"நான் மறந்துட்டேன்னு உங்களுக்கு வருத்தமா இல்லையா?"

"போடி, எனக்குத்தான் ஞாபகம் இருக்கே" என்று மாமா சிரித்துவிட்டு அடுத்த சட்டையை விரித்தார்.

வாயாடிக்குத்தான் என்னவோ போல் ஆகிவிட்டது. அத்தனை நாள் தன்னைத் தூக்கிச் சுமந்த மனிதர் பக்கத்திலேயே நிற்கிறார், அதில் ஒரு நாள்கூட அவளிடம் இல்லை. "மன்னிச்சிடு" என்று அந்தக் காதைப் பார்த்துச் சொன்னாள். எட்டு வருடம் தாமதம்தான், என்ன செய்வது?

அப்போதே ஒரு முடிவுக்கும் வந்தாள். உருண்டைக்கு இப்படி ஆகக் கூடாது. எல்லாம் வேண்டாம், ஒரே ஒரு நாள் போதும். தன்னோடு இருந்த ஒரே ஒரு நாளாவது அவன் மூளையில் கடைசிவரை தங்க வேண்டும்.

அப்படியானால், அது யாராலும் மறக்க முடியாத நாளாக இருக்க வேண்டும். யோசித்து யோசித்து அவள் கண்டுபிடித்தது நுரை. உருண்டைக்கு நுரை என்றால் உயிர். மெஷின் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து, உள்ளே நுரை சுழல்வதை மணிக்கணக்கில் பார்ப்பான்.

அப்பாவை மூன்று நாள் அரித்தெடுத்தாள். நான்காம் நாள் அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "சரி தாயே! ஞாயித்துக்கிழமை, கடை மூடியிருக்கும்போது. ஊறவைக்கிற தொட்டியில தண்ணி, அதுல ஒரு கரண்டி சோப்புத் தூள். ஒண்ணே ஒண்ணு."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வாயாடி ஒரு கரண்டி போட்டாள். சாதாரண நாளுக்கு ஒரு கரண்டி சரி, ஆயுசுக்கும் மறக்காத நாளுக்கு ஒரு கரண்டி எப்படிப் போதும் என்று தோன்றியது. இன்னொன்று போட்டாள். சித்தியின் பெயரைச் சொல்லி ஒன்று, சித்தப்பா அங்கே தனியாக இருக்கிறாரே என்று பாவப்பட்டு ஒன்று. இப்படியே ஒன்பது கரண்டி ஆயிற்று. பிறகு குழாயை முழு வேகத்தில் திறந்துவிட்டாள்.

நுரை தொட்டியை நிரப்பியது. விளிம்பில் ஏறி எட்டிப் பார்த்தது. அப்புறம் சாவகாசமாக இறங்கி, தரையில் நடக்க ஆரம்பித்தது.

"ஏய், ஏய், ஏய்!" என்று அப்பா ஓடி வந்தார். இஸ்திரி மாமா குழாயை மூடப் பாய்ந்து வழுக்கி, உட்கார்ந்த வாக்கிலேயே கடைக் கதவுவரை போய்ச் சேர்ந்தார். அம்மா மேசைமேல் ஏறி நின்றுகொண்டு, "துடைப்பம்! துடைப்பம்!" என்று கத்தினாள். யாரிடம் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

உருண்டை ஒரு நிமிடம் அசையாமல் நின்றான். பிறகு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "நுரைஐஐ!" என்று நேராக அதற்குள் ஓடினான். நுரை அவன் இடுப்புக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது. கால் வழுக்கியது. ஆளைக் காணோம்.

"உருண்டை!" வாயாடி ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து, நுரைக்குள் இரண்டு கையையும் விட்டுத் துழாவி, அகப்பட்ட சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். தலையெல்லாம் வெள்ளையாக, கண் மட்டும் தெரிய, உருண்டை மேலே வந்தான். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் மூக்கைச் சுருக்கினான்.

"ஹா... ஹா... அச்!"

மூக்கிலிருந்து ஒரு நுரைப் பந்து பறந்து போய் அப்பாவின் மீசைமேல் உட்கார்ந்தது. அப்பா கோபமாகத் திட்டத்தான் வாயைத் திறந்தார். ஆனால் வெள்ளை மீசையோடு கோபப்பட்டால் யார் பயப்படுவார்கள்? முதலில் சிரித்தது சித்தி. ஊருக்குப் போக வேண்டுமே என்று இரண்டு வாரமாக மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த சித்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, மூச்சு முட்டச் சிரித்தாள். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. கடையைக் கழுவி முடிக்கச் சாயங்காலம் ஆயிற்று, அதுவரை யாராவது ஒருவர் நடுநடுவே சிரித்துக்கொண்டே இருந்தார்.

இனி இதை எந்த மூளை மறக்கும்? வாயாடி திருப்தியாகத் தூங்கப் போனாள்.

மறுநாள் காலையில் உருண்டையைப் பிடித்து மடியில் உட்கார வைத்தாள். "நேத்து என்ன நடந்துச்சு, சொல்லு பார்ப்போம்!"

உருண்டை யோசித்தான். நன்றாக யோசித்தான். "வாழைப்பழம் சாப்பிட்டேன்."

"அது இல்லடா! அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி..." அவன் முகம் மலர்ந்தது. "இன்னொரு வாழைப்பழம்!"

ஒன்பது கரண்டி சோப்புத் தூளும் தண்ணீரோடு தண்ணீராகப் போய்விட்டது. வாயாடி சித்தியின் மேசைக்கடியில் போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணோரத்தில் ஒரு சொட்டுக் கண்ணீரும் வந்தது.

மேசைக்கு மேலே சித்தி தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவர் வீட்டு மூட்டையைப் பிரித்து, ஒவ்வொரு துணியிலும் ஒரே எண் எழுதிய சிறு துணிச்சீட்டை ஊக்கால் குத்தினாள். வெள்ளைத் துணி ஒரு மெஷினுக்குப் போனது, சாயத் துணி இன்னொன்றுக்கு, கம்பளி வேறொன்றுக்கு. ஒரே வீட்டுத் துணி நான்கு திசைக்குப் பிரிந்தது. சாயங்காலம் சீட்டைப் பார்த்துத்தான் மறுபடி ஒன்று சேர்ப்பார்கள்.

வாயாடி தினமும் பார்க்கிற காட்சிதான். இன்று அது வேறு மாதிரி தெரிந்தது. பார்த்தது ஒரு இடம், கேட்டது ஒரு இடம், வாசனை ஒரு இடம் என்று டீச்சர் சொன்னாரே! சேர்த்துக் கட்டுவது கடல்குதிரை என்றாரே! கடைக்குச் சித்தி இருப்பதுபோல மூளைக்குக் கடல்குதிரை.

மேசைக்கடியிலிருந்து தலை மட்டும் வெளியே வந்தது. "சித்தி, சீட்டுக் கழண்டு விழுந்துட்டா துணி தொலைஞ்சு போயிடுமா?"

"தொலையாது. எங்கேயாவது கடைக்குள்ளதான் கிடக்கும். யாரோடதுன்னுதான் தெரியாது."

"அப்போ என்ன பண்ணுவீங்க?"

"கழண்டு விழற அளவுக்கு விடவே மாட்டேன். வழவழன்னு இருக்கிற துணியில ஊக்கு நிக்காது. அதனால மெஷின்லேருந்து வெளிய வரும்போதெல்லாம் அந்தத் துணியைத் தேடிப் பிடிச்சு, சீட்டை மறுபடி இறுக்கிக் குத்துவேன். முழுசாக் கழண்டபிறகு தேடினா பிரயோஜனம் இல்ல."

வாயாடி மேசைக்கடியிலிருந்து துள்ளி எழுந்ததில் தலை மேசையில் இடித்தது. வலியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சோப்புத் தூள் டப்பாவை எடுத்துக்கொண்டு உருண்டையிடம் ஓடினாள். ஒரு கிண்ணத் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கி, அவன் மூக்குக்கு அருகே பிடித்தாள்.

"இது என்ன வாசனை?"

உருண்டை முகர்ந்தான். "நுரை!"

"எங்க இருந்துச்சு நுரை?"

"கீழே. நிறைய... இவ்ளோ!" கையை விரித்தான்.

அப்போது வாயாடியின் வாய்க்குள் ஒரு பெரிய கூட்டமே முண்டியடித்தது. 'நீ உள்ளே ஓடினாய், வழுக்கி விழுந்தாய், நான் இழுத்தேன், நீ தும்மினாய்' என்று எல்லாம் வரிசையில் நின்றன. ஆனால் துணியைத் தேடிப் பிடிக்க வேண்டியது அவனுடைய கடல்குதிரை. எல்லாவற்றையும் இவளே எடுத்துக் கொடுத்துவிட்டால் அதற்கு என்ன வேலை? அவள் வலது கையால் தன் வாயை இறுக்கப் பொத்திக்கொண்டாள். பிறந்ததிலிருந்து அவள் செய்த வேலைகளிலேயே கடினமான வேலை அதுதான்.

ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு நிமிடம் ஆயிற்று. உருண்டை கிண்ணத்துக்குள் விரலை விட்டான். திடீரென்று மூக்கைச் சுருக்கினான்.

"அச்!" என்று பொய்யாகத் தும்மிவிட்டு, கையைக் கொட்டிச் சிரித்தான். "பெரியப்பா மீசை!"

"அப்புறம்?" என்று விரல் இடுக்கு வழியாகக் கேட்டாள் வாயாடி.

"நான் விழுந்தேன். அக்கா இழுத்தா."

பொத்தியிருந்த கையை எடுத்துவிட்டு, அவனைத் தூக்கி மூன்று சுற்றுச் சுற்றினாள்.

மறுநாள் டீச்சரிடம் போய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தாள். டீச்சர் கண்ணை விரித்தார். "நீயாவா கண்டுபிடிச்சே? சரியான வழிதான். மறக்கிறதுக்குள்ள அவனையே சொல்ல வைக்கணும். நிச்சயமா நிக்கும்னு சொல்ல முடியாது, ஆனா வாய்ப்பு அதிகம். இன்னொண்ணு, சொன்னபிறகு நல்லாத் தூங்க விடு. நடந்ததை மூளை தூக்கத்துல மறுபடி ஓட்டிப் பார்த்துப் பத்திரப்படுத்தும்."

அதன்பிறகு தினமும், வாயாடி பள்ளி விட்டு வந்ததும், கடையில் ஒரு விசித்திரம் நடந்தது. உருண்டை நுரைக் கதை சொல்லி முடித்துத் துணிக்கூடைக்குள் படுத்துத் தூங்குவான். வாயாடி வாசலில் காவல் நிற்பாள். கதவு மணியின் நாக்கில் ஒரு சாக்ஸை மாட்டிவிட்டாள். யார் வந்தாலும் உதட்டில் விரல்.

"ஸ்ஸ்! உள்ள ஞாபகம் காயுது."

வாடிக்கையாளர்களும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனைநடை நடந்தார்கள். ஒரு போலீஸ்காரர் தன் சீருடையைக் கேட்டு வந்தவர், சைகையிலேயே எண்ணைச் சொல்லி, சைகையிலேயே நன்றியும் சொல்லிவிட்டுப் போனார்.

கிளம்பும் நாள் வந்துவிட்டது. விமான நிலையத்தில் எல்லோரும் அழுதார்கள். உருண்டை மட்டும் பெட்டிமேல் உட்கார்ந்து, வரிசையில் நின்ற முன்பின் தெரியாத ஒரு தாத்தாவிடம், "நுரை இவ்ளோ இருந்துச்சு" என்று கையை விரித்துச் சொல்லிக்கொண்டிருந்தான். அதைக் கேட்டு வாயாடி அழுகையோடு சிரித்தாள்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் போன். அந்தப் பக்கம் சித்தி ஒரு கிண்ணத்தில் சோப்பு கரைத்து அவன் மூக்கில் காட்டுவாள். இந்தப் பக்கம் வாயாடி, "என்னடா நடந்துச்சு?" என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொள்வாள்.

கதை அவன் மனசில் நின்றது. ஆனால் நின்ற இடத்திலேயே நிற்கவில்லை. இரண்டு மாதத்தில் நுரை கூரையைத் தொட்டது. நான்கு மாதத்தில் அப்பாவின் மீசை தாடியாகி முழங்கால்வரை தொங்கியது. வாயாடிக்குக் கவலையாகிவிட்டது.

"மூளை அப்படித்தான்மா" என்றார் டீச்சர். "ஒவ்வொரு தடவையும் வெளிய எடுத்துப் புதுசா அடுக்கித்தான் திரும்ப வைக்கும். அடுக்கும்போது கொஞ்சம் மாறும். உனக்கும் மாறும், எனக்கும் மாறும்."

"எனக்கெல்லாம் மாறாது டீச்சர்" என்றாள் வாயாடி. டீச்சர் சிரித்துக்கொண்டார்.

நாளாக ஆக, போன் பேச்சில் வேறு விஷயங்கள் நுழைந்தன. புதுப் பள்ளி, புது நண்பன், விழுந்த பல். விழுந்தது வாயாடியின் பல்தான், கடைசிப் பால்பல். சோப்புக் கிண்ணம் எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை. வாயாடி மட்டும் கவனித்தாள், ஆனால் கேட்கப் பயமாக இருந்தது. கேட்டு, அவன் 'எந்த நுரை?' என்று சொல்லிவிட்டால்?

உருண்டைக்கு நாலரை வயதானபோது, ஒரு வெள்ளிக்கிழமை போன் மணி அடித்தது. ஞாயிறுவரை காத்திருக்க அவனுக்குப் பொறுமை இல்லையாம்.

"அக்கா! இன்னிக்கு என் கிளாஸ்ல, ரொம்பப் பிடிச்ச நாளைப் பத்திச் சொல்லச் சொன்னாங்க. நான் எதைச் சொன்னேன் தெரியுமா?"

வாயாடி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "எதைடா?"

"நுரை நாள்!"

சோப்புக் கிண்ணம் இல்லை. யாரும் கேள்வி கேட்கவில்லை. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அவனாகவே தேடி எடுத்திருக்கிறான்! வாயாடி அங்கேயே இரண்டு குதி குதித்தாள். "அப்பா! மாமா! ஓடி வாங்க!" என்று கூவிக்கொண்டே போனின் ஒலியைக் கூட்டி, இஸ்திரி மேசையில் வைத்தாள். அப்பாவும் மாமாவும் வந்து குனிந்து நின்றார்கள்.

"சொல்லுடா, கிளாஸ்ல சொன்ன மாதிரியே சொல்லு!"

"கடை பூரா நுரை. மேல வரைக்கும்! இஸ்திரி மாமா சறுக்கிக்கிட்டே தெருவுக்குப் போயிட்டாரு. அப்புறம் அக்கா நுரைக்குள்ள விழுந்துட்டா. காணாமலே போயிட்டா! எல்லாரும் அழுதாங்க. நான்தான் உள்ள கையை விட்டு, அக்கா சட்டையைப் பிடிச்சு, 'தம்' கட்டி இழுத்தேன். அக்கா வெளிய வந்து, 'அச்'னு தும்மினா!"

"டேய், டேய்" என்று அப்பா ஆரம்பித்தார். "அன்னிக்கு உன்னை இழுத்ததே நான்தானேடா!"

"நீங்களா?" என்றார் இஸ்திரி மாமா. "அப்போ நான் யாரை இழுத்தேன்?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள். வாயாடிக்கு உண்மை தெரியும். சட்டைக் காலர் கையில் அகப்பட்டது இப்போதுகூட விரலில் இருக்கிறது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

"வலிச்சுதா அக்கா?" என்று கேட்டது போன்.

திறந்த வாய் மெல்ல மூடிக்கொண்டது. அப்பாவையும் மாமாவையும் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள்.

"கொஞ்சம் வலிச்சுதுடா" என்றாள். "நல்லவேளை, நீ இருந்தே."

"பயப்படாதே. அடுத்த தடவை விழுந்தா என்னைக் கூப்பிடு. நான் வந்து இழுக்கிறேன்."

"கண்டிப்பாக் கூப்பிடுறேன்" என்றாள் வாயாடி. அந்த நிமிடமே விழுவதற்கு அவள் தயாராக இருந்தாள்.